மண்ணோடு வந்த ஒரே வேர்

— அக்கா, அந்த மைக்ராஸ்கோப்ப அப்புறம் கொஞ்சிக்கலாம். டிராக்டர்காரன் வயல் ஓரத்துல காத்துக்கிட்டு நிக்கிறான். உழுதுடவா, வேண்டாமா? ஒத்த வார்த்த சொல்லு.

— பொறுடா, ஆலாப் பறக்காத. நீ கொண்டாந்த பயத்தஞ்செடி இருவதையும் பாத்துட்டேன். இலையெல்லாம் மஞ்சள் தேமல். வைரஸ்தான், சந்தேகமே இல்ல.

— நான் பயிருக்குப் பசின்னு நெனச்சு மூட்டை மூட்டையா யூரியா போட்டேனே!

— நல்ல காரியம் பண்ணின போ! பயறு தனக்கு வேண்டிய உரத்தத் தானே சமைச்சுக்கும்டா. வேர்ல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதுக்குள்ள பாக்டீரியா குடியிருந்து, காத்துலேருந்து நைட்ரஜனைப் பிடிச்சுக் குடுக்கும். பதிலுக்கு இலை சர்க்கரை அனுப்பும்.

— இப்ப இலைக்கே சீக்கு.

— அதான். மேல அடுப்பு அணைஞ்சா கீழ பட்டினி. பாரு, ஒரு வேர்லயும் முடிச்சே இல்ல. மனசக் கல்லாக்கிக்கோ. உழுதுடு.

— ம்... போன் பண்ணிடறேன். இந்த வருஷம் அவ்வளவுதான்.

— இரு இரு. பைக்குள்ள என்னடா மண்கட்டி?

— அதுவும் ஒரு வேர்தான். தூக்கிப் போடு.

— குழாயத் தொற, மெதுவா... அம்மாடி! கொத்துக் கொத்தா முடிச்சு! அந்த பிளேட எடு.

— ஐயோ, என்னக்கா இது? உள்ள ரத்தம்!

— ரத்தத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். உன் ரத்தத்துல மூச்சுக்காத்தச் சுமக்குதே ஒரு சிவப்புச் சத்து, அதே வம்சம். சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். இருவது வருஷமா வெட்டுறேன், இன்னமும் புல்லரிக்குது. பாரு கைய.

— எனக்குந்தான். காலுக்குக் கீழ இப்படி ஒண்ணு நடக்குறது தெரியாமலே மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே!

— ஆமா, இதுல மட்டும் ஏன் இவ்வளவு மண்ணு? இலையக் காணோம்?

— இழுத்தேன், தண்டு முறிஞ்சு கையோட வந்துடுச்சு. அதான் மண்வெட்டியால தோண்டினேன்.

— அப்ப மத்த இருவதும்?

— கையால பிடுங்கினதுதான்.

— அட மக்கு! முடிச்சு பூரா அறுந்து மண்ணுக்குள்ளயே நின்னுருக்கும். நான் அதவிட மக்கு, கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன். போனைப் போடு, உழ வேண்டாம்னு சொல்லு! இந்த நல்ல செடி எந்த வரிசைல நின்னுச்சு? அதையாவது காப்பாத்துவோம்.

— நல்ல செடியா? அக்கா, வயல்லயே ரொம்ப மஞ்சளா, செத்தே போச்சுன்னு நான் நெனச்சது இதத்தான்.