பழைய பிளாஸ்டர்

ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில், ஜெலாப்பாங் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்த பெண்ணிடம் சொன்னாள்:

“காலையிலேருந்து எங்க வீட்டுக்காரரு வலின்னே சொல்லலக்கா. அதான் பயமா இருக்கு.”

“நல்லதுதானே லா. புத்து நோய்க்காரரு, ஒரு நாளாவது வலி இல்லாம கெடக்கட்டும்.”

“எழுப்புனா கண்ணத் தொறக்கறாரு, உடனே தூங்கிடறாரு. குறட்டையும் ஒரு மாதிரி விட்டு விட்டு வருது. நேத்து சாயங்காலந்தான் தோல் வழியா மருந்து எறங்குற புது வலி பிளாஸ்டர் ஒட்டுனேன்.”

“பழச உரிச்சியா?”

“இல்லக்கா, அதுவும் முதுகுலதான் இருக்கு,” என்றாள் அவள். அக்கா எழுந்து, வரிசையைத் தாண்டிப் போய்க் கவுண்டரில் விஷயத்தைச் சொன்னார். மருந்து கொடுக்கும் பெண் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

“ரெண்டையும் உடனே உரிக்கச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. மருந்து கூடிட்டா மூச்சே கொறஞ்சிடும். தூங்க விடாதீங்க.”

அக்கா ஆம்புலன்சை அழைத்தார். சீருடைப் பெண் வீட்டிலிருந்த தன் மகளைப் போனில் அழைத்தாள்.

“அப்பா முதுகுல ரெண்டு பிளாஸ்டர் இருக்கும்மா. ரெண்டையும் உரி. உரிச்சிட்டு அவர எழுப்பு, சத்தமா எழுப்பு.”

மகள் “அப்பா, அப்பா” என்று கத்துவது எங்களுக்கும் கேட்டது. வெகுநேரம் கழித்து ஒரு குழறிய குரல் வந்தது.

“ஏன்டி, மனுசன தூங்க விடமாட்டீங்களா?”

“விடமாட்டேங்க,” என்று அவள் அழுதாள். “ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என்னைய ஏசிக்கிட்டே இருங்க.”