படத்துல ஏறாத ஊத்து

நீங்க விரிச்ச பழைய நில வரைபடத்தை மடக்காதீக, கதையே அதுலதான் இருக்கு. அந்தக் காலத்துல, மழை எட்டிப் பாக்காத இதே உடையங்கரையில, முத்திருளன்னு ஒரு ஆளு இருந்தாராம். எங்க பூட்டன். நாடு அளக்க வெள்ளைக்கார துரை வந்தப்ப, கொடி புடிச்சு முன்னால போனவரு அவருதானாம்.

துரை ஒவ்வொரு இடமாக் கேட்டாராம். "இது என்ன?" மேடு துரை. "இது?" முள்ளுக்காடு துரை. சொல்லச் சொல்லப் படத்துல ஏறுச்சாம். மேக்கே பாறைக்குப் பின்னால நம்ம ஊத்து. ஊர்க்காரக முந்தியே சொல்லி வச்சிருந்தாக: "ஏப்பா முத்திருளா, ஊத்தைக் காட்டிராத. படத்துல ஏறிட்டா பட்டாளம் வந்து கூடாரம் போட்ரும். அவுக குதிரை குடிச்சது போக நமக்குச் சேறுதான்."

"அந்தப் பக்கம் தண்ணி இருக்கா?"ன்னாராம் துரை.

"இல்ல துரை."

இந்தா, நீங்க விரலை வச்சிருக்கீகளே, அந்த வெறும் இடம் அவரு சொன்னதுதான். ஊரே அவரைத் தூக்கி வச்சுக் கொண்டாடுச்சாம்.

வருசம் போச்சு. பஞ்சம் வந்துச்சு. வடக்கேருந்து ஒரு கூட்டம் சர்க்காரு கஞ்சி ஊத்துற கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்து வந்துச்சாம். கூட்டியாந்த மேஸ்திரி கையில இதே படம். பாதை பிரியுற விலக்குல நின்னு ஒருத்தி கேட்டாளாம், "ஐயா, மேக்கே குருவி பறக்குதே, தண்ணி இருக்கும்போல." மேஸ்திரி படத்தைப் பாத்தாராம். "இல்ல தாயி, கெழக்கே நட." நடந்தாக. கெழக்கே பொட்டல். விழுந்தாக, ஒவ்வொருத்தரா விழுந்தாக.

அவ மட்டும் குருவி போன தெசைக்குத் திரும்பி, தவழ்ந்து வந்தாளாம். ஊத்துல நின்ன முத்திருளன் கையில அள்ளிக் குடுத்தாரு. குடிச்சா. நடந்ததைச் சொன்னா. மாரோட அணைச்சுட்டு வந்த புள்ள தண்ணிக்கு வாயத் தொறக்கல. அவ ஊத்தையே பாத்துட்டுக் கேட்டாளாம்:

"இது எப்பருந்துய்யா இங்க இருக்கு?"

அன்னையிலருந்து முத்திருளன், "நான் இல்லன்னு சொன்னேன், அதை நம்பிச் செத்தாக"ன்னு பொலம்பிக்கிட்டே, சாகுறவரைக்கும் அந்த விலக்குல பானை வச்சு உக்காந்திருந்தாராம். சொல்லச் சொன்ன ஊருக்கும் அந்தப் பாவத்துல பங்கு உண்டுல்ல? எனக்கே இப்ப சொல்லையில நெஞ்சு உறுத்துது.

அதுலருந்து தண்ணின்னு யாரு கேட்டாலும் எங்க ஊருல "இல்ல"ன்னு சொல்ல மாட்டோம். பானை காலியாக் கெடந்தாலும் "இருங்க"ன்னுதான் சொல்லுவோம். சொல்லிட்டு ஊத்துக்கு ஓடுவோம்.

என்னங்க, தண்ணியா? பானை கவுந்துல்ல கெடக்கு... இருங்க, இந்தா வந்துட்டேன்.