சுண்டுவிரல் அளவு குறை

ஆரணியில் பூசணிக்காய் விலை ஏறியதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது சுத்தப் பொய். என் மகள் பாஞ்சாலை பந்தாடிய நாட்களில் மட்டும்தான் நான் உடைத்தேன். மற்றபடி நீங்கள் கேட்கிற எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் ஸ்டேஷன் வாசலிலும் ஒரு பூசணிக்காய் தொங்குகிறது. விஷயம் தெரிந்தவரிடம் பேசுகிறோம் என்று நிம்மதியாக இருக்கிறது.

என் பெயர் சம்பந்தம். பட்டு நெய்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு நேர்த்தியான புடவையாக இருந்தாலும் முந்தானை ஓரத்தில் ஓர் இழையை வேண்டுமென்றே தப்ப விடுவோம். குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதில்லையா, அதுபோல. குறையே இல்லாத பொருள்மேல் கண் படும், கண் பட்டது நிலைக்காது. சாதாரணப் புடவைக்கு ஒரு பட்டிழை போதும். கல்யாணப் புடவை என்றால் ஜரிகையிலேயே கை வைக்க வேண்டும். சரக்கு உயர உயரக் குறையும் உயர வேண்டும், அவ்வளவுதான்.

என் மனைவி கமலத்துக்கு இதைச் செய்யத் தவறிவிட்டேன். முழங்காலைத் தொடும் கூந்தல் அவளுக்கு. தெருவே வாய் ஓயாமல் புகழ்ந்தது. பாஞ்சாலை மூன்றாம் வகுப்பு படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள். மஞ்சள் காமாலை என்றார் டாக்டர். படித்தவர், அப்படித்தான் சொல்வார். அன்று பிடித்த பயம் என்னை விடவில்லை. மிச்சம் இருப்பது ஒரே பெண், அவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தேன்.

அவளைப் பந்தாட்டத்துக்கு இழுத்தது பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ரத்னாவதி. திருமலைப் பக்கத்து ஜைனர் வீட்டுப் பெண்மணி. எறும்பைக்கூட மிதிக்க மாட்டார், ஆனால் பந்தை மட்டும் கருணையில்லாமல் உதைக்கச் சொல்வார். தொண்ணூற்றேழில் செய்யாறில் ஒரு போட்டி. எதிரணியின் கோல் கம்பத்துக்கு முன்னால் நான் பூசணிக்காய் உடைத்தேன். அதில் அவர்களுடைய கோல்கீப்பர் வழுக்கி விழுந்தாள், பாஞ்சாலை அடித்த பந்து உள்ளே போனது. நடுவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். பந்து போனதை நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஊரார் கண்ணைவிடப் பெற்றவர் கண் பொல்லாதது அல்லவா. அதனால் அவளுடைய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தவறாமல் போவேன், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ரத்னாவதி டீச்சருக்கு இது பிடிக்கவில்லை.

"ஏங்க, பொண்ணு அங்க ஓடிகினு கீறா. நீங்க இன்னா செவுத்தப் பாத்துகினு நிக்கிறீங்க?"

"காதுல கேட்டுகினுதான் கீறேன், டீச்சர்."

ஆட்டம் முடிந்ததும் பாஞ்சாலை மூச்சு வாங்க ஓடி வருவாள். "நைனா, என் கோலு எப்டி இருந்துச்சு?" என்பாள். "சத்தம் நல்லா இருந்துச்சும்மா" என்பேன். முதலில் சிரித்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

விளையாட்டுக்காகவே சென்னையில் ஒரு கல்லூரி கூப்பிட்டு இடம் கொடுத்தது. அங்கே மைப்பொட்டு வைத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். சரி என்று, ஊருக்கு வந்திருந்தபோது அவளுடைய பத்தாம் எண் பனியனில் பூஜ்யத்தின் தையலைக் கொஞ்சம் பிரித்து வைத்தேன். கல்லூரிகளின் இறுதி ஆட்டத்தில் அந்தப் பூஜ்யம் கழன்று விழுந்துவிட்டது. அவள் வெறும் ஒன்றோடு கோல் அடித்தாள். ஒன்று கோல்கீப்பரின் எண்ணாம். கோல்கீப்பர் இங்கே வந்து எப்படி அடிக்கலாம் என்று எதிரணிக்காரிகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கோல் செல்லும் என்று சொல்லிக் கோப்பையைக் கொடுத்தார்கள். பூஜ்யம் ஒட்டியிருந்தால் இது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து நான்கில் இந்திய அணியில் எடுத்தார்கள். வெளிநாட்டில் இரண்டு கோல் போட்டுவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டினார்கள், மேளம் வைத்தார்கள். சேத்துப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வீட்டு வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு அம்மணி அவள் காலைத் தடவிப் பார்த்து, "அடியே, இன்னா காலுடி இது! தங்கத்துல வார்த்து வச்சாப்புல கீதே" என்றாள். கமலத்தின் கூந்தலைப் புகழ்ந்ததும் இதே வாய்தான்.

அடுத்து இன்னும் பெரிய போட்டி, ஆசியாவே பார்க்கும் என்றார்கள். ஊர்க்கண்ணே இப்படியென்றால் ஆசியாவின் கண்ணை யோசித்துப் பாருங்கள். இதற்கு மைப்பொட்டு காணாது, பூஜ்யமும் காணாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எல்லோரும் அதைப் பழமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது வழி சொன்ன மாதிரிதான் பட்டது.

கண்மூடித்தனமாக நான் எதையும் செய்யவில்லை. அவள் உதைக்கும் காலில் கை வைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். எந்தக் கால் என்று யாரிடமும் கேட்க முடியாது, சந்தேகப்படுவார்கள். அதனால் பேப்பரில் வந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கமிருந்து எடுத்த படம், முதுகும் பத்தாம் எண்ணும் தெரிகிறது, இடப்பக்கக் கால் பந்தின்மேல் இருக்கிறது. நாங்கள் நெய்யும்போது புடவையின் முகம் கீழே இருக்கும், எங்கள் கண்ணுக்குத் தெரிவது முதுகுதான். முதுகில் இடப்பக்கம் இருப்பது முகத்தில் வலப்பக்கம் வரும். கை பழகிய கணக்கு இது. ஆகவே உதைப்பது வலது கால் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவு நூல் தளராமலிருக்கத் தறியில் தொங்கவிடும் கருங்கல்லை அவிழ்த்து எடுத்து வந்தேன். இடது கால் சுண்டுவிரலுக்கு மட்டும்தான் குறி வைத்தேன். கல்லுக்கு அவ்வளவு நுணுக்கம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். நான்தான் போட்டேன் என்றேன், பொய் சொல்லிப் பழக்கமில்லை. பெற்ற மனம், அதிர்ச்சியில் உளறுகிறது என்று சொல்லி எனக்கும் ஓர் ஊசி போட்டுப் படுக்க வைத்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பாஞ்சாலை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதத்துக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"நான் எடது காலாலதான் ஒதைப்பேன்னு உனுக்குத் தெரியாதா நைனா? எட்டு வருசமா ஆடிகினு கீறேன். ஒரு தபா, ஒரே ஒரு தபா திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

"பாத்திருந்தா கண்ணு பட்டிருக்குமேம்மா" என்றேன்.

அதற்குமேல் அவளுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மறுநாள் ரத்னாவதி டீச்சரை அழைத்துக்கொண்டு இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் இல்லை. வலியில் பிள்ளைகள் அப்படித்தான் செய்யும். கால் மாறிப்போனது என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலனைப் பாருங்கள். பேனரைக் கழற்றிவிட்டார்கள், வாசலில் ஒரு கூட்டம் இல்லை. அவள் தடியை ஊன்றித் தெருவில் வந்தால் அம்மணிகூட 'ஐயோ பாவம்' என்கிறாள். பெண் உயிரோடு இருக்கிறாள். இனி நானும் பயமில்லாமல் அவளைக் கண் நிறையப் பார்க்கலாம்.

சற்று முன் நீங்கள் புகாரைப் படித்துக் காட்டியபோது பார்த்தேன். பாஞ்சாலை சுவரைப் பார்த்துக்கொண்டு, முழு நேரமும் எனக்கு முதுகைக் காட்டியே நின்றாள். என்மேல் தன் கண் பட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிறாள். என்ன இருந்தாலும் நான் பெற்ற பெண் அல்லவா.