நான் படுத்திருந்த நாற்பது நாள்

பஞ்சாலைப் பொறுப்புகளை ஒரு பொழுது ஒதுக்கிவைத்து இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சங்கரலிங்கம் அவர்களே! ஞாயிறுதோறும் எங்களுக்கு வகுப்பெடுக்கும் பேராசிரியை தங்கபாய் அவர்களே! இராஜபாளையத்துத் தறி முதலாளிகளே, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர்களே, ஊருக்கொரு சங்கம் தொடங்கி உழைக்கும் உள்ளங்களே! வயற்சேற்றைக் கழுவிய கையோடு வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் என் தேவதானத்துத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அன்னாளின் அன்பு வணக்கம்.

சிறுதொழில் செய்வோருக்கும் சங்கம் நடத்துவோருக்குமான இந்த வகுப்பின் ஐந்தாம் ஆண்டு விழாவில், பெருமை பேச என்னை அழைத்தார்கள். நானோ என் பிடிவாதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நடவுக் காலம். வாய்க்கால் கரையில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு எங்கள் ஊர் முத்துப்பேச்சி வயலில் இறங்கியிருந்தார். இரண்டு வயது மகள் தத்தி நடந்து போய்த் தண்ணீரில் விழுந்தாள். பக்கத்து வயலில் நின்றவர் பாய்ந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். குழந்தை பிழைத்தது. என் தூக்கம் பிழைக்கவில்லை.

மறுமாதமே ஒரு தகரக் கொட்டகையில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினேன். கதவைத் திறந்தவள் நான். கஞ்சி காய்ச்சியவள் நான். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் சுமந்து ஓடியவள் நான். நான், நான், நான்! அதைத் தொண்டு என்றே நினைத்தேன். அதற்குள் அகந்தையும் அமர்ந்திருந்ததை அறிந்தேனா?

தறி முதலாளிகள் சிரிக்கிறீர்கள். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடவும் நீங்களேதான் ஓடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

காப்பகத்தைச் சங்கமாகப் பதிவுசெய்ய விதிமுறை எழுதத் தெரியாமல்தான் இந்த வகுப்புக்கு வந்தேன். முதல் நாளே தங்கபாய் என்னைக் கேட்டார். "அக்கா, ரெண்டு மாசம் நீங்க வரலைன்னா பிள்ளைகள யாரு பாத்துக்குவா?"

"நான் எங்க போகப்போறேன்?" என்றேன்.

என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். கல்லூரியில் கரும்பலகையைப் பார்த்தவருக்குச் சேற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கோபித்துக்கொண்டு, மூன்று வாரம் வகுப்புப் பக்கமே வரவில்லை.

நான்காம் வாரம் மருத்துவர் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி, பத்தே நாளில் மதுரையில் அறுவைச் சிகிச்சை, பிறகு நாற்பது நாள் படுக்கை. வீட்டுக்காரர் என் உயிருக்குப் பயந்தார். நான் கொட்டகையைப் பூட்டவேண்டி வருமே என்று பயந்தேன்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தேன். தங்கபாய் பழைய பேச்சைக் குத்திக் காட்டவில்லை. "பத்து நாள் இருக்குல்லக்கா. ஒங்க தலைக்குள்ள இருக்கிற வேலைய அம்புட்டையும் வெளிய எடுத்துப் போடுவோம்," என்றார்.

எழுதலாம், படிப்பது யார்? எங்கள் தாய்மாரில் எழுத்தறிந்தவர் இருவரே. அப்போது எழுந்தார் உடன் படித்த தவசிமுத்து. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். எழுத்தே இல்லாமல் ஐந்து தகரப் பலகைகளைப் படமாகவே வரைந்து தந்தார். எத்தனை கரண்டி மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எந்த அறிகுறி கண்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எந்தப் பிள்ளையை யார் யார் அழைத்துப் போகலாம், எல்லாம் படம்! பத்து நாளும் தாய்மார் முறைவைத்து வேலை பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கையைக் கட்டுவது எளிது, தோழர்களே! வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடு.

நான் படுத்திருந்த இருபதாம் நாள், எங்களுக்குச் சத்துமாவு வழங்கும் தொண்டு நிறுவனத்து அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து நின்றார். பொறுப்பானவர் இல்லையென்றால் மாவு நிற்கும். மாவு நின்றால் காப்பகம் மூடும். இங்கே பொறுப்பாளர் யார் என்று கேட்டார். இடுப்பில் ஒரு பிள்ளையோடு முன்னால் வந்தார் முத்துப்பேச்சி.

"இன்னைக்கு நாந்தான் சார். நாளைக்கு வந்தீகன்னா பெத்தம்மா மொற. என்ன கேக்கணுமோ கேளுங்க."

கேட்டார். ஒவ்வொரு பலகையாகக் காட்டி முத்துப்பேச்சி பதில் சொன்னார். அறிமுகமில்லாதவர் வந்து பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார் அதிகாரி.

"இந்தப் படத்துல இல்லாத ஆளுக்குப் பிள்ளையத் தர மாட்டோம். ஒங்களுக்குந்தான்."

மாவு நிற்கவில்லை. இன்னும் இருபது குழந்தைகளுக்குச் சேர்த்தே வந்தது!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைத்தட்டல் அவருக்குரியது.

நாற்பது நாள் கழித்துக் கொட்டகைக்குப் போனேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். ஒரு குட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மறுபடி கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டது. ஒருவரும் என்னைத் தேடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சு வலித்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அழுது முடித்தபோது, பல ஆண்டுகளாகச் சுமந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது.

நாம் தொடங்கியது நம்மோடு முடிய வேண்டுமா? நம் கைக்குள் அடங்குவதுதான் நம் கனவின் அளவா? தவசிமுத்து என்னைப் பார்த்துப் பாடம் படித்தார். இன்று திருவில்லிபுத்தூரில் அவருடைய இரண்டாம் பட்டறையை மனைவி ஆவுடையம்மாள் நடத்துகிறார். கற்றது கைமாறினால் கடை வளரும். பொறுப்பு கைமாறினால் சங்கம் வாழும். நம்பிக்கை கைமாறினால் ஊரே நிமிரும்!

போன புதன்கிழமை எங்கள் தாய்மார் கூடி, காப்பகத்தின் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் விலகிவிட்டேன். தங்கள் ஊரிலும் ஒரு காப்பகம் தொடங்க மகாராஜபுரத்துப் பெண்கள் பத்துப் பேர் என்னை அழைத்திருக்கிறார்கள், அங்கே போகிறேன். புதிய செயலாளர் இப்போது இதே வகுப்பில் எழுத்துக் கற்கிறார். போன வாரம் விதிமுறைப் புத்தகத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

முத்துப்பேச்சி, கூச்சப்படாமல் எழுந்து நில்லுங்கள். ஊர் உங்களைப் பார்க்கட்டும்.

பொறுமையோடு செவிசாய்த்த பெரியோர்க்கும், பிள்ளையை மடியில் வைத்தபடி கேட்ட தாய்மார்க்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, ஒலிபெருக்கியை எங்கள் செயலாளரிடம் தந்து அமர்கிறேன். வணக்கம்.