ஒரு முழ இடைவெளி

ஒரு பழைய படகு யாருடைய கைவேலை என்று சொல்வது பெரிய வித்தை இல்லை, ஐயா. லாமு தீவில் நாங்கள் அளவுநாடா பிடித்து வேலை செய்வதில்லை. படகின் விலாக்கட்டைகளை முழம் போட்டுத்தான் நிறுத்துவோம். ஒவ்வொருவர் முழமும் ஒவ்வொரு நீளம். பலகை உளுத்துப் போனாலும் அந்த இடைவெளி மாறாது.

என் கூட்டாளி ஷீ லாலியும் நானும் ஒரே பட்டறையில் பதினோரு வருஷம் படகு கட்டினோம். கடைசி வருஷம் இரண்டு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று அவன் கட்டியது, ஒன்று நான் கட்டியது. ஒன்று வடக்கே கிஸ்மாயுவுக்குப் போய்விட்டது. மற்றதை அலி கூபி வாங்கி 'சலாமா' என்று பெயர் வைத்தான். முதல் ஓட்டமே கல்யாண ஓட்டம். கல்யாணப் பொண்ணைப் பக்கத்தில் இருக்கும் பாத்தே என்ற தீவுக்கு அழைத்துப் போனார்கள். ஒன்பது பேர் ஏறினார்கள். படகு போய்ச் சேரவில்லை. ஐந்து உடல்கள்தான் கரை ஒதுங்கின.

படகைத் தேடினார்கள், அகப்படவில்லை. யார் கட்டியது என்று ஊர் கேட்டது. வாங்கிய அலி கூபியும் கடலோடு போய்விட்டான். ஷீ கட்டியது என்றேன். அவன், "என்னோடது கிஸ்மாயு போனது, அத்மான். உனக்கே தெரியும்" என்றான். சத்தம் போடவில்லை. அதனாலேயே ஊர் அவனை நம்பவில்லை. பள்ளிவாசலில் அவன் பக்கத்தில் தொழ ஆள் நிற்கவில்லை. இரண்டாம் வருஷம் செத்தான். ஜனாஸாவைத் தூக்க நான்கு பேர்தான் வந்தார்கள். அதில் நான் ஒருவன்.

படகு மூழ்கிப் பத்தொன்பது வருஷம் கழித்து, இந்த வருஷ மழைக்குப் பிறகு, அலையாத்திக் காட்டுச் சேற்றில் சலாமா தட்டுப்பட்டது. ஷீயின் மகள் ஸுவேனா ஆள் வைத்து அதைக் கரைக்கு இழுத்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"புதுப்பிச்சுக் கடல்ல விடணும் சித்தப்பா. ஆனா அதுக்கு முன்னாடி இது யார் கட்டினதுன்னு நீங்க பாத்துச் சொல்லணும். கட்டையை மாத்திட்டோம்னா அப்புறம் சாட்சியே இல்ல."

கெட்டிக்காரி. நான் மூன்று நாள் பார்த்தேன். முதல் நாளே முடிந்துவிட்ட வேலை அது. சேற்றை வழித்துவிட்டு இரண்டு விலாக்கட்டைகளுக்கு நடுவே கையை வைத்தேன். முழங்கை ஒன்றைத் தொட்டது, நடுவிரல் மற்றதைத் தொட்டது. அடுத்ததிலும் வைத்தேன். எல்லாவற்றிலும் என் கை சரியாகப் பொருந்தியது. மீதி இரண்டு நாளும் படகுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"உங்கப்பா கைதாம்மா" என்றேன்.

"அப்பா உசரமாச்சே. இந்த இடைவெளி குட்டையா இருக்கே?"

"உசரமா இருக்கிறவங்களுக்கெல்லாம் கை நீளம்னு யாரு சொன்னா?"

குனிந்து அந்தக் கட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "உண்மையைச் சொல்லிட்டீங்க. என் மனசு நோகும்னு மறைக்கல."

மறுநாளிலிருந்து அவள் செத்தவர்களின் ஒன்பது வீட்டுப் படியும் ஏறினாள். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். நான் கூடப் போனேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் துப்பினார்கள். அவள் முக்காட்டால் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். கடைசியாகப் பொண்ணைப் பெற்ற ஸைத்தூனி வீடு. கிழவி அவள் தலையில் கை வைத்து, "உங்கப்பனை மன்னிச்சேன், போ" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கூட்டாளி பண்ணின பாவத்துக்கு நீயும் வாசல் வாசலா நடக்கிறியே. உன்ன மாதிரி மனுசன் ஊருக்கு ஒருத்தன் போதும்." எனக்கும் காபி ஊற்றினாள். குடித்தேன்.

அன்றிலிருந்து ஸுவேனா தினமும் எனக்குத் தேங்காய்ப்பால் சோறும் மீனும் கொண்டுவருகிறாள். நான் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எட்டு நாளாக என்னால் விழுங்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் கூப்பிட்டு வரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சலாமாவின் அடிப்பலகைகளில் ஒன்று புழு அரித்திருந்தது, ஐயா. மாற்ற வேண்டும் என்று ஷீ இரண்டு தடவை சொன்னான். மாற்றினால் பத்து நாள் ஆகும், கல்யாணத் தேதி தாண்டிவிடும். நான் பஞ்சையும் சுண்ணாம்பையும் சுறா எண்ணெயில் குழைத்து அடைத்து, மேலே பூசிவிட்டேன். கல்யாணத்தன்று காலையில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அலி கூபி கேட்டான், "என்ன மேஸ்திரி, இவ்வளவு தண்ணி?"

"புதுப் படகு அப்படித்தான் குடிக்கும். மரம் ஊறினா தானா அடைஞ்சுக்கும்" என்றேன். பொதுவாக அது உண்மைதான். அந்தப் பலகைக்கு உண்மை இல்லை. எனக்கு அது தெரியும். பெண்கள் பாடிக்கொண்டே ஏறினார்கள். பொண்ணின் மருதாணிக் கை என் தோளைப் பிடித்துத்தான் ஏறியது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, முதுகு கொடுத்துப் படகை ஆழத்துக்குத் தள்ளிவிட்டதும் நான்தான்.

அவ்வளவுதான். ஒன்று மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கல்யாணத்துக்கு நான் தாமதம் பண்ணவில்லை. சொன்ன தேதியில் படகைக் கொடுத்தேன்.