பருத்தி இயந்திரத்தின் கடைசிக் குறை

மனித குலத்துக்கும், குறிப்பாகக் கடலூர் மாவட்டத்துக்கும், மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: பருத்தி எடுக்கும் இயந்திரத்தில் மிச்சமிருந்த கடைசிக் குறையும் நீக்கப்பட்டுவிட்டது. நீக்கியவன் நான். பெயர் வைத்திலிங்கம். ஊர் குறிஞ்சிப்பாடி. தொழில் லேத் பட்டறை. லேத்தைப் போன வருஷமே விற்றுவிட்டேன்; பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது.

இப்படித் தொடங்கியதற்கு மன்னிக்க வேண்டும், ஸ்ரீமதி மேடம். உதவி ஆய்வாளர் ஒருவர் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நடந்தத உங்க பாணியிலேயே எழுதுங்க சார், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டால் எவனுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். டீ நன்றாக இருந்தது. இஞ்சிதான் கொஞ்சம் ஜாஸ்தி.

நீங்கள் கூப்பிடாமல் நானே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். என் மச்சான் செந்தமிழ்செல்வன் இறந்துபோன வழக்கில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். செல்வன் என் மனைவி பவானியின் ஒரே தம்பி. அவன் போனதில் எனக்கும் துக்கம் உண்டு. ஆனால் இயந்திரத்தில் கோளாறு இருந்தது என்பது உண்மையல்ல. அந்த வார்த்தையை எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றி. வடநாட்டிலிருந்து பழைய சாமானாக வந்த இரும்புப் பெட்டி அது. டிராக்டர் இழுத்துப் போகும். பெட்டிக்கென்று தனியாக ஒரு டீசல் இன்ஜின். உள்ளே முள் வைத்த கம்பிகள் சுழன்றுகொண்டே இருக்கும். செடி உள்ளே நுழைந்ததும் வெடித்த காயிலிருந்து பஞ்சைச் சுற்றி இழுக்கும். ரப்பர் தட்டுகள் அதை வழித்தெடுக்க, காற்றுக்குழாய் மேலே இருக்கும் கம்பிக்கூடைக்கு ஊதிவிடும். கேட்பதற்கு எளிது. வடநாட்டுப் பருத்திச் செடி காலை வணக்கத்துக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். நம்முடையது நெல் அறுத்த ஈரத்தில் விதைத்தது. கட்சி ஊர்வலம் மாதிரி முன்னே பின்னே, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். பெட்டிக்குள் இலையும் பஞ்சும் சேர்ந்து போய்க் கம்பிகளில் சுற்றிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தி, கதவைத் திறந்து, கையால் பிய்த்தெடுத்தால்தான் மறுபடி ஓடும்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ரப்பர் தட்டை லாரி டயரில் வெட்டிப் போட்டேன். கம்பிகள் மீது சோப்புத் தண்ணீர் பீச்ச ஒரு குழாய் வைத்தேன். இலை தனியே கொட்ட சல்லடை வைத்தேன். எல்லாம் என் சொந்த மூளை.

முதல் தடவை மஞ்சக்குப்பம் மைதானத்தில், விவசாயக் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினேன். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்திய பிறகு ஒன்று மிஞ்சிவிட்டது. சிறப்பு விருந்தினர் கீழே இறங்கிவந்து, "உழவனின் கண்ணீர் துடைக்க வந்த இரும்புத் தாயே" என்று அதை என் இயந்திரத்துக்குப் போர்த்தினார். இன்ஜினை முடுக்கியதும் இரும்புத் தாய் பொன்னாடையை விழுங்கிவிட்டு நின்றுவிட்டாள். அன்றிலிருந்து ஊரில் என் பெயர் 'நின்னுபோன வைத்தி'.

இரண்டாவது தடவை, சிதம்பரத்துக்கு மேற்கே கலியமூர்த்தி என்கிற விவசாயியின் நிலத்தில், இயந்திரத்துக்குச் சான்றிதழ் தருகிற பரிசோதனைக் குழுவினர் முன்னால் ஓட்டினோம். திரும்பத் திரும்ப நின்றது. செல்வன்தான் பெட்டியின் பின்னால் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டான். சாயங்காலம் அவன் சொன்னான்: "மாமா, பேசாம ஒரு எருமைய வாங்கியிருக்கலாம். இது நிக்காதன்னா நிக்குது. எருமை நில்லுன்னா நிக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழுத் தலைவர் சிரிக்காமல் சொன்னார்: "இன்னும் ஒரு சான்ஸ் தர்றோம். ஒரு மணி நேரம் நிக்காம ஓடணும். நின்னா அதோட சரி, இனிமே எங்களக் கூப்பிடாதீங்க."

அதற்குப் பிறகு நான் இருந்த நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். கேட்டுக்கு வெல்டிங் வைக்கச் சொல்லி வந்தவன்கூட, "கதவு தெறந்தா நின்னுடாதே?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைக் கொடுத்தான். பிறகு அவனும் வரவில்லை. லேத் இருந்த இடத்தில் தரையில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. நாள் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பவானி சாப்பாட்டை வைத்துவிட்டு, "ஏங்க, ஊர்ல எல்லாருமா மெஷின் செய்யறாங்க? விட்டுட்டு வேற பொழப்பப் பாருங்களேன்" என்பாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். அது மூன்றாவது தடவையும் நின்றால் பிறகு நான் எதற்கு?

ஆகவே இயந்திரம் ஏன் நிற்கிறது என்று ஆற அமர யோசித்தேன். காரணம் இரண்டு. ஒன்று, கதவில் இருந்த சுவிட்ச். கதவைத் திறந்தாலே இன்ஜின் தானாக அணையும்படி இயந்திரத்தைச் செய்தவன் வைத்திருந்தான். ஒரு துண்டு ஒயரில் அதை முடித்தேன். இனிக் கதவு திறந்திருந்தாலும் கம்பிகள் சுழலும். ஓட ஓடவே கையால் பிய்த்துவிடலாம். பவானி கேட்டாள்: "சுத்திக்கிட்டு இருக்கறதுலயே கைய விடுவானா என் தம்பி? அவனுக்கு என்ன பத்து கையா இருக்கு?" நான் செய்து காட்டினேன். விரலை மடக்காமல், மேலிருந்து கீழாகத் தட்டிவிட வேண்டும். பயிற்சிதான். பயப்படுகிறவனுக்குத்தான் ஆபத்து.

இரண்டாவது காரணம் செல்வன். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே, அவன் கைக்கு எட்டும்படி, இன்ஜினை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஏதாவது சத்தம் கேட்டால் போதும், அழுத்திவிடுவான். அந்தப் பொத்தானைக் கழற்றினேன். அதற்குப் பதில், கார்க் கதவு பூட்டுகிற மாதிரி ரிமோட் ஒன்றைச் சிதம்பரத்தில் வாங்கி இன்ஜினோடு இணைத்து, என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப நான் நிறுத்தணும்னா?" என்று கேட்டான் செல்வன்.

"செவப்புத் துண்ட தூக்கிக் காட்டு மச்சான். நான் வரப்புல நிப்பேன். ஒரு அழுத்து, நின்னுடும்."

"கண்ணு தெரியுமா மாமா ஒங்களுக்கு? போன வாரம் மளிகைக்கடையில எங்கக்கான்னு நெனச்சு வேற யாரையோ கூப்பிட்டீங்களாமே."

கண் நன்றாகத் தெரியும், மேடம். வேண்டுமானால் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் கடைசிக் குறை என்று மேலே எழுதினேனே, அது இதுதான். பக்கத்தில் நிற்கிற மனிதன் நினைத்தால் அதை நிறுத்திவிடலாம் என்பது.

மூன்றாவது தடவையும் கலியமூர்த்தியின் நிலம்தான். காய் முழுக்க வெடித்து நிலம் வெள்ளையாகக் கிடந்தது. எடுக்க ஆள் கிடைக்கவில்லை. கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. கலியமூர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே, "மழை விழுந்தா பஞ்சு கறுத்துடும் வைத்தி. ஒன் மெஷின் ஓடலன்னா நான் அம்போ" என்றார். இருவரும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தோம் என்று சொல்லலாம். அவருக்கு நிலமாவது இருந்தது.

குழுவினர் மூன்று பேரும் காரில் வந்து சேர்ந்தார்கள். ஷாமியானா, மேசை, மேசைமேல் ஸ்டாப் வாட்ச். நம் பக்கத்து வழக்கப்படி அவர்களுக்காக ஒரு பலாப்பழம் கொண்டுபோயிருந்தேன். காடாம்புலியூரில் இறங்கி, பத்துப் பழத்தைத் தட்டிப் பார்த்து எடுத்தது. எண்ணெயைத் தொட்டு அறுக்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. செல்வன்தான் உட்கார்ந்து அறுத்தான். எண்ணெய் போதவில்லை. சுளைகளை எடுத்துத் தட்டில் அடுக்கி மேசையில் வைத்தபோது அவன் கை முழுக்கப் பிசின்.

"கையக் கழுவிட்டு வர்றேன் மாமா. ஒட்டுது."

தண்ணீர் வரும் போர்செட் வயலுக்கு அந்தப் பக்கம். மேகம் இந்தப் பக்கம். குழுத் தலைவர் சுளையை எடுத்தபடியே, "ஆரம்பிங்க, நாங்க டைம் பாத்துக்கறோம்" என்றார்.

"அப்புறம் கழுவிக்கலாம் மச்சான்," என்றேன்.

பலாப்பிசினில் பஞ்சு ஒட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் இந்த ஊர்க்காரன். தெரியும்.

டிரைவர் ஆண்டி டிராக்டரை எடுத்தார். முன்னால் பார்த்து நேர்கோட்டில் ஓட்டுவது மட்டும்தான் அவர் வேலை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நான் ஷாமியானாவுக்கு முதுகைக் காட்டி வரப்பில் நின்றேன். இயந்திரம் ஓடியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒரே சீராக, இருமல் இல்லாமல். கூடையில் பஞ்சு ஏறியது. வரப்பில் இருந்த விவசாயிகள் விசில் அடித்தார்கள். செல்வன் ஒருமுறை கதவைத் திறந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே தட்டிவிட்டு, எங்களைப் பார்த்துத் துண்டைத் தோளில் போட்டு ஒரு கும்பிடு போட்டான். கூட்டம் கைதட்டியது. எங்கே போனாலும் கூத்தடிக்கிறவன்.

பாதி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மறுபடி கதவைத் திறந்து வலதுகையை உள்ளே விட்டான். கை வெளியே வரவில்லை. இடதுகையால் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டினான்.

பார்த்தேன். இன்ஜின் சத்தத்தில் குரல் எதுவும் கேட்கவில்லை. துண்டு மேலே போனதும் கூட்டம் பழையபடி கைதட்டியது. இதுவும் கூத்து என்று நினைத்துவிட்டார்கள். நானும் தட்டினேன். ஒரு கையில் ரிமோட் இருந்ததால் என் தட்டலில் அவ்வளவு சத்தம் வரவில்லை.

விரல்நுனிதான் ஒட்டியிருக்கும், இழுத்தால் வந்துவிடும் என்று முதலில் நினைத்தேன். துண்டு வேகமாக ஆடியது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தேன். துண்டு கீழே விழுந்தது. அப்போது ஒரு கணக்குப் போட்டேன், மேடம். அந்தக் கணக்கில் இன்றைக்கும் எனக்குத் தப்பு தெரியவில்லை. கை போனது போனதுதான். இப்போது நிறுத்தினால் கையும் போகும், இயந்திரமும் போகும். நிறுத்தாவிட்டால் ஒன்றுதான் போகும். மீதியுள்ள நேரம் ஓடிவிட்டால் அந்த ஒரு கைக்கு ஓர் அர்த்தம் இருக்கும். அவனே ஒருநாள் ஒப்புக்கொள்வான் என்று நம்பினேன். கை மட்டும்தான் என்று நினைத்தேன்.

கூடையில் விழுந்த பஞ்சு நிறம் மாறியது. கறை பட்ட பஞ்சைத் தனியே பிரித்து வைக்க வேண்டுமே, இல்லாவிட்டால் மொத்தத்துக்கும் விலை குறையுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

வரிசையின் கோடியில் டிராக்டரைத் திருப்பும்போதுதான் ஆண்டி பின்னால் பார்த்தார். குதித்து ஓடிவந்து டீசல் குழாயைப் பிடுங்கினார். இயந்திரம் நின்றது. கலியமூர்த்தியின் காரில் செல்வனை ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட அவன் தாங்கவில்லை. வழியில் ஒரே ஒருமுறை கண் திறந்து, "துண்ட காட்டினேனே மாமா" என்றான்.

ஆண்டி என்னிடம், "ரிமோட் வேல செய்யலியா?" என்று கேட்டார். ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தேன். நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான், அதுவும் வாய் திறந்து சொன்னதில்லை. அதிலிருந்துதான் 'இயந்திரக் கோளாறு' பிறந்தது. பவானி சாவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு, "பாழாப்போன மெஷினு என் தம்பிய முழுங்கிடுச்சே" என்று அழுதாள். எல்லாரும் இயந்திரத்தைத் திட்டினார்கள். கேட்டுக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை.

ரிமோட்டை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். பேட்டரி புதியது. வயலின் அந்தக் கோடியிலிருந்து அழுத்தினாலும் வேலை செய்யும். ஆள் அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் வேலை செய்திருக்கும். நான் அழுத்தவில்லை. தெரிந்தே அழுத்தவில்லை. இயந்திரத்தின்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இவ்வளவையும் எழுதி நீட்டியதும் நீங்கள் பொறுமையாகப் படித்தீர்கள். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தீர்கள். கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. ஆண்டி பிடுங்கும்வரை எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பாக்கி என்று குழுவினர் சொன்னார்களா என்று கேட்டேன். நீங்கள் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"மூணு பேரையும் விசாரிச்சிட்டோம் சார். புழுக்கம் தாங்கலன்னு ஆரம்பத்துலயே பலாச்சுளைத் தட்டோட கார்ல ஏறி ஏ.சி. போட்டுக்கிட்டாங்களாம். தின்னு முடிச்சு கையத் தொடைச்சிட்டு வாட்ச எடுக்கலாம்னு இருந்தாங்களாம்."

உண்மைக்காக இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கடிகாரத்தை யாரும் ஓடவிடவில்லை.