உப்புக் காற்றின் மேல் ஒரு பொய் வழக்கு

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் விவசாயிகள் சங்கத் தலைவர், போன வருஷம் இதே மேடையில் என் இரண்டாவது வாக்கியத்திலேயே மைக்கைப் பிடுங்கிய அண்ணன் அப்பாதுரை அவர்களே! முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே! கறுத்துப்போன கதிரை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் வண்டிமேல் சாய்ந்து விசிலடிக்கும் தம்பிமார்களே! உரக்கடை விஜயகுமாரின் வணக்கம். தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். உங்கள் வாயில் இருபது வருஷமாக வெறும் 'யூரியா' விஜயகுமார். இருக்கட்டும்.

இன்றைய தீர்மானம் என்ன? உப்புக் காற்று நம் சம்பாவைச் சுட்டுவிட்டது. ஆகவே வயலை ஒட்டிய உப்பளத்தில் இந்த வருஷம் உப்பு விளைவிக்கப் பாத்தி மிதிக்க விடக்கூடாது. கை தூக்கினால் முடிந்தது. அங்கே வேலை செய்யும் நாற்பது பெண்களுக்கு நாளை முதல் கூலி கிடையாது. அந்த நாற்பதில் ஒருத்தி பாஞ்சாலை, இதோ உட்கார்ந்திருக்கிறாள். காலையில் உப்புப் பாத்தி மிதிக்கிறாள். பொழுது சாய்ந்தால் தன் அரைக்காணி நெல்லைப் பார்க்கிறாள். அவள் கதிரும்தான் கருகியது. அவள் யார்மேல் தீர்மானம் போடுவாள்?

யார் கண்டது உப்புக் காற்றை? எந்த இலையில் கண்டது? மார்கழியில் அண்ணன் வெங்கடாசலம் ஓர் இலையைக் கொண்டுவந்து என் மேசைமேல் எறிந்தார்.

"இன்னா உத்து உத்துப் பாக்கற? உப்புக் காத்துதான். ரெண்டு மூட்ட யூரியா போடு."

"அண்ணே, இது பூஞ்சைங்க. குலைநோய்."

"ஏம்பா, கடலு அங்க கண்ணுக்கு எதிர்ல இருக்குது. கண்ணுக்கே தெரியாத பூஞ்சைய எங்கருந்து இட்டாந்த? மருந்து விக்கணும்னா நேரா சொல்லேன்!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் இப்போது சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

உப்பு சுட்டால் கருகல் நுனியில் தொடங்கும், ஓரம் வழியாக இறங்கும், கடலைப் பார்த்த வரப்பில் கூடுதலாக இருக்கும். அந்த இலையில் என்ன இருந்தது? நடு இலையில் கண் வடிவில் புள்ளி. உள்ளே சாம்பல், சுற்றிலும் பழுப்பு. காற்றுக்குக் கண் வரையத் தெரியுமா?

பூஞ்சையின் வித்து தூசியிலும் தூசி. காற்றில் வரும், இலையில் அமரும், பசை கக்கி ஒட்டிக்கொள்ளும். அதற்கு வாயில்லை, பல்லில்லை. வேண்டியது ஒன்றுதான்: ஓர் இராத்திரி ஈரம். கிடைத்ததா, முளை விடும். முளையின் நுனியில் ஒரு குமிழைக் கட்டும். குமிழுக்குள் அழுத்தத்தை ஏற்றும், ஏற்றும், ஏற்றிக்கொண்டே போகும். ஈசிஆரில் பறக்கிறதே பஸ், அதன் டயருக்குள் இருப்பதைப்போல் பத்து மடங்கு! அந்த அழுத்தத்தில் ஓர் ஊசியை இறக்கி இலையின் தோலைத் துளைத்து நுழையும். பிறகு சில நாள் சத்தமே இருக்காது. நம் கண்ணுக்குப் புள்ளி தெரிகிறபோது, அது உள்ளே குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, பக்கத்து வயலுக்குப் பெண்ணும் கொடுத்திருக்கும். கதிர் வந்தால் கழுத்தைப் பிடிக்கும். கழுத்து கறுத்த கதிரில் மணி ஏது? பதர்!

அந்த ஈரத்தைக் கொடுத்தது யார்? பனி கொஞ்சம். மீதி நாம்! இலையில் படிந்த உப்பைக் கழுவுகிறோம் என்று பொழுது சாயச் சாய ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் நிரப்பித் தெளித்தோமே, அது விடியும்வரை காயுமா? சோர்ந்த பயிருக்குத் தெம்பு என்று யூரியாவைக் கொட்டினோமே, கொழுத்த இலை யாருக்கு விருந்து?

என்ன? யார் அங்கே கத்துவது? "யூரியா வித்தவன் நீதானய்யா!"

சுரேஷ்தானே? எழுந்து நில் தம்பி, ஒளியாதே. இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் சரியாகப் பேசியவன் நீ ஒருவன்தான்.

விற்றவன் நான்தான். வெங்கடாசலம் அண்ணன் போன பிறகு பதினெட்டுப் பேர் அதே இலையோடு வந்தார்கள். ஒருவரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. பேச விடவில்லை அல்லவா, படுங்கள் என்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். பாஞ்சாலையும் வந்தாள். "அண்ணே, சாயங்காலம் எலைய கழுவி வுட்டுட்டு வர்றேன். நல்லதுதானே?" என்று கேட்டாள். என்னோடு ஒரு நாளும் ஒரு சண்டையும் போடாதவள். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"மில் அரைக்காணி போயிற்று.

பாஞ்சாலை தலை குனிய வேண்டாம். குனிய வேண்டியவன் மேடையில் நிற்கிறான்.

ஆகவே சபையோரே, தீர்மானத்தில் 'உப்பளம்' என்று எழுதியிருப்பதை அடியுங்கள். யார் பெயராவது அங்கே இருந்தே தீர வேண்டுமென்றால் என் பெயரை எழுதுங்கள், கையெழுத்தும் போடுகிறேன். கருகிய வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள். இன்னொன்று, அதற்கு நாளைவரை நேரமில்லை. மணி ஐந்தே முக்கால். இந்த நிமிஷம் உங்கள் வீடுகளில் யாரோ ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அடுத்த போகத்து நவரை நாற்றங்காலுக்குக் கிளம்புகிறார்கள். போனை எடுங்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கைதட்டல் எனக்கு வேண்டாம், போனை எடுங்கள்!

அண்ணன் அப்பாதுரை போனை எடுத்துவிட்டார். பேசுங்கள் அண்ணே, நான் நிறுத்திக்கொள்கிறேன்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. திட்டிக்கொண்டே கேட்டவர்களுக்கும் நன்றி. உங்கள் அனைவருக்கும் வணக்கம். பாஞ்சாலைக்கு மட்டும், வணக்கத்தோடு என் மன்னிப்பு.